முட்டிக்குள் உருண்ட மழை

ஆலைக்குப் புது அரைவை இயந்திரம் வந்து இறங்கிய வருஷம்தான் கருக்கன்பட்டிக்கு மழை என்னுடைய வலது முட்டியிலிருந்து வரத் தொடங்கியது. அதுவரைக்கும் எல்லா ஊருக்கும் வருவதுபோல எங்கள் ஊருக்கும் அது மலைப்பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஆத்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில், பஸ் நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர் எங்களுடையது. ஊருக்குள் இருப்பது ஒரே ஒரு சேகோ ஆலை, ஆலையைச் சுற்றி இருப்பதெல்லாம் நாங்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடு. காட்டில் கிழங்கு பிடுங்குவார்கள், அது டிராக்டரில் ஆலைக்கு வரும், கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் உரிப்போம், உரித்த கிழங்கு அரைபட்டுப் பாலாகி, பால் தொட்டியில் தங்கி மாவாகி, மாவு குலுக்கலில் உருண்டு குருணையாகி, குருணை சூட்டில் வறுபட்டு, கடைசியில் சிமெண்டுக் களத்தில் வெயிலில் காய்ந்து ஜவ்வரிசியாகும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், இடது காலை மடித்துப் போட்டு, வலது முட்டியை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் கிழங்கைச் சாய்த்துக் கத்தியை என் பக்கமாக இழுத்து. காலடியில் எந்நேரமும் மாவுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் கூடையைத் தூக்க எழுந்தபோது முட்டிக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்த குப்பாயி அக்கா, சீலைக்குள் கிலுகிலுப்பை கட்டி வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் வெளியே மழை கொட்டியது. களத்தில் இருந்த ஜவ்வரிசியை வாரிப் போட ஆட்கள் ஓடினார்கள், பாதி நனைந்து கூழாகிப்போனது, முதலாளி வையாபுரி வானத்தைப் பார்த்துத் திட்டினார். அப்போது என்னை யாரும் திட்டவில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்தேன், மறுபடி கலகலத்தது, மறுபடி பெய்தது. காலை நீட்டிக்கொண்டு இருந்த நாளெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. முதலில் கண்டுபிடித்தவள் குப்பாயி அக்காதான். அவள் என்னைக் கொட்டகை ஓரமாக நிறுத்தி, மடக்கு என்றாள், நீட்டு என்றாள், மடக்கு என்றாள், மழையும் அவள் சொன்னபடி வந்து நின்று வந்தது. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "சரிதான், உன் முட்டிதாண்டி" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

ஊரில் யாரும் அதிசயப்படவில்லை. அதிசயப்பட யாருக்கும் நேரமில்லை, கேட்க ஆளாளுக்கு ஒன்று இருந்தது. காட்டுக்காரர்கள் கிழங்குக் குச்சி நட்டிருந்தார்கள், அவர்களுக்கு மழை வேண்டும். ஆலைக்குக் களம் காய வேண்டும், மழை கூடாது. கல்யாணம் வைத்தவர்கள் பந்தல் நனையக் கூடாது என்று தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கும்பலாக வந்து, நாளைக்குக் காலையில் மட்டும் கொஞ்சம் பலமாக மடக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்குச் சரியென்றால் இன்னொருவருக்கு ஆகவில்லை. காட்டுக்காரர்களின் பெரிய ஆள் நடேசன் அண்ணனும் முதலாளி வையாபுரியும் என் வாசலிலேயே சண்டை போட்டார்கள், அதனால் ஆலையின் எடைமேடை முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாரும் பேசினது என் முட்டியைப் பற்றித்தான், என்னை மட்டும் யாரும் கூப்பிடவில்லை.

கூட்டத்தில் முடிவானது இதுதான். களத்தில் ஜவ்வரிசி காயும்போது ஆலைப் புகைபோக்கியில் வெள்ளைத் துணி ஏறும். துணி மேலே இருக்கும்வரை பாவாயி, அதாவது நான், காலை நீட்டித்தான் வைத்திருக்க வேண்டும். துணி இறங்கியதும் காட்டுக்காரர்கள் போதும் என்கிறவரை மடக்கி நீட்ட வேண்டும். ஆலை ஆசாரி எனக்கென்று ஒரு நாற்காலி செய்து கொடுத்தார், அதில் வலது காலை நீட்டி வைக்க ஒரு பலகை முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. உரிப்பு வரிசையில் என் இடத்துக்கு வேறு ஒருத்தி வந்தாள். இனி நீ உரிக்க வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் சென்றாயன் ஆலைக்குக் கிழங்கு ஏற்றிவரும் டிராக்டர் ஓட்டுகிறவர். அதுவரை வரிசையில் கடைசியாக நின்று இறக்கியவருக்கு இப்போது முதல் இடம் கொடுத்தார்கள். டீக்கடையில் அவருக்கு நகர்ந்து இடம் விட்டார்கள். அவரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். வீட்டுக்கு வாழைத்தாரும் பரங்கிக்காயும் வந்து குவிந்தன. எனக்கோ ஒன்றும் இறங்கவில்லை. வாழைத்தாரை எறும்பு மொய்க்குமே என்று கவலை, நாற்காலியில் கண்ணசந்து தூங்கிக் கால் மடங்கிவிட்டால் களம் நனையுமே என்று கவலை, துணி எப்போது இறங்கும் என்று கவலை. காலை மடக்காமல் என்னதான் செய்ய முடியும்? அரிசி களைய உட்கார முடியாது, வாசலில் கோலம் போட முடியாது, பஸ் படி ஏற முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றாலும் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். அவசரத்தில் ஒரு தரம் போய்விட்டு வந்ததற்கு முதலாளி ஆள் அனுப்பி, அம்மா கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா என்று கேட்டார்.

வருஷம் போகப் போக முட்டி வீங்கியது. முதலில் மாங்கொட்டை அளவு, பிறகு தேங்காய் மூடியைக் கவிழ்த்ததுபோல. தொட்டால் உள்ளே உருண்டை உருண்டையாக நழுவும். மாவுத் தண்ணீரில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் மாவு ஊறி ஏறி முட்டிக்குள் ஜவ்வரிசி உருண்டுவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். ஊருக்குத் தெரிந்த தொழில் அதுதானே. குலுக்கல் மேஸ்திரி வந்து முட்டியில் கைவைத்துப் பார்த்து, குருணை இன்னும் பச்சையாக இருக்கிறது, வறுத்தால் கெட்டிப்பட்டு நழுவாமல் நிற்கும், வலி போகும் என்றார். அப்படியே உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். வலி போகவில்லை. அன்று பெய்த மழை மட்டும் இளஞ்சூடாக இருந்தது. பெண்கள் குழந்தைகளை வாசலில் நிறுத்தி எண்ணெய் தேய்த்து அந்த மழையிலேயே குளிப்பாட்டிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமையும் ஒத்தடம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு முட்டி பூட்டிக்கொள்ள ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும், காலை மடக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது, உயிர் போகிற வலி. முட்டி பூட்டிக்கொண்டால் மேகமும் பூட்டிக்கொள்ளும். கருகருவென்று ஊருக்கு மேலே வந்து பெய்யாமலும் போகாமலும் நிற்கும், துணி காயாது, கோழி கூண்டுக்குப் போவதா வேண்டாமா என்று முழிக்கும். அப்போது யாராவது வந்து என் காலைப் பிடித்து ஆட்டுவார்கள். ஆட்டுகிறவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்டுவார்கள்.

எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. வளர்கிற கட்டி என்றால் அது எதுவாக இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆத்தூரில் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் எலும்பு மட்டும் சுத்தமாகத் தெரிந்தது, வேறொன்றும் இல்லை, கொஞ்சம் தேய்மானம், மாத்திரை போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் பட்டாசு வெடிக்காத குறை. படத்திலேயே விழவில்லை என்றால் அது வியாதி இல்லை, சாமி காரியம் என்று நடேசன் அண்ணன் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு எடைமேடை ஆபீசில் மாட்டச் செய்தார். அந்தப் படத்துக்குச் சூடம் காட்டினார்கள். நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே உருளுகிற சத்தம் ஊருக்கே கேட்கிறது, படத்தில் இல்லை என்றால் படத்துக்குத்தான் கண் இல்லை. சேலம் போவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊர் மழையைக் கொண்டுபோய்ச் சேலத்தில் கொட்டிவிட்டு வராதே என்றார்கள். வீட்டுக்காரர், அடுத்த மாசம் பார்க்கலாமே என்றார். அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசமும் அவர் அதையேதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை காலையில், கேஸை மூடினேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு, குப்பாயி அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, துணி மேலே பறக்கும்போதே பஸ் ஏறினேன். படியில் கால் வைக்க மடக்கியதும் ஒரு தூறல் விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. சேலம் பஸ் நிலையத்தில் இறங்கியபோதும் தூறியது, அங்கே ஜனங்கள் ஒன்றும் கேட்காமல் குடையை விரித்துக்கொண்டார்கள்.

எலும்பு டாக்டர் ரெஜினா என்னைவிட வயதில் சின்னவள், ஆனால் கை நிதானமான கை. என் பாதத்தை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கையை முட்டியின்மேல் வைத்து மெதுவாக மடக்கினாள். கலகலத்தது. ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிகளின்மேல் சடசடவென்று பெய்தது. நர்ஸ் போய் ஜன்னலைச் சாத்தினாள். வீக்கம் எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டாள், சொன்னேன். பூட்டிக்கொள்வது எப்போதிலிருந்து, சொன்னேன். மழை எப்போதிலிருந்து, அதையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிட்டு, எக்ஸ்ரேயில் எலும்பும் சுண்ணாம்பு ஏறினதும்தான் விழும், இது இன்னும் இளசு, வேறு ஸ்கேன் வேண்டும் என்றாள். குழாய்போல ஒரு இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கச் சொன்னார்கள். அது டமடமவென்று தட்டிக்கொண்டே இருந்தது. கால் அசையாமல் படுப்பது எனக்குப் பழக்கம்தான்.

அந்தப் படத்தில் எல்லாம் இருந்தது. முட்டிக்குள் கறுப்பும் வெளுப்புமாகத் தண்ணீர், தண்ணீருக்குள் அள்ளிப் போட்டதுபோல மணிகள், முன்பக்கமும் பின்பக்கமும். ஊரில் சொன்னது பார்வைக்கு ஒன்றும் தப்பில்லை, ஜவ்வரிசியேதான். டாக்டர் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முட்டிக்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு உறை இருக்குங்கம்மா. முட்டி வழுக்கிக்கிட்டு அசையறதுக்கு எண்ணெய் மாதிரி ஒரு தண்ணியைச் சுரக்கிறதுதான் அதோட வேலை. உங்களுக்கு அது போதாதுன்னு அந்த உறை குருத்தெலும்பும் செய்ய ஆரம்பிச்சிருக்கு. மொட்டு மொட்டா முளைக்குது, காம்பு அறுந்து விழுது, அந்தத் தண்ணியைக் குடிச்சே உள்ளே வளருது."

புற்றா என்று கேட்க வாய் வரவில்லை. குப்பாயி அக்காதான் கேட்டாள். இல்லை, இது கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுத்தான் முழுசாகச் சொல்வேன் என்றாள் டாக்டர். மாவுத் தண்ணீரால் வந்ததா என்று நான் கேட்டேன். இல்லை, யாருக்கு ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. இப்படியே விட்டால் அந்த மணிகள் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டி அரைத்து அரைத்து மூட்டு முழுவதையும் தின்றுவிடும் என்றாள். சின்ன ஓட்டைகள் போட்டு, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு, மணிகளை எடுத்துவிட்டு, கெட்டுப்போன உறையையும் சுரண்டி எடுக்க வேண்டும். மழையைப் பற்றிக் கேட்டேன். அது நான் படித்த படிப்பில் இல்லைங்கம்மா, முட்டி மட்டும்தான் இருக்கிறது என்றாள்.

ஆபரேஷனுக்கு என்னைச் சேர்த்த அன்று ஊரிலிருந்து ஜீப் வந்தது. அதிலிருந்து முதலாளி வையாபுரியும் நடேசன் அண்ணனும் ஒன்றாக இறங்கினார்கள். என் வாசலில் போட்ட சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே வண்டியில் வந்தது அன்றுதான். அவர்களுக்குப் பின்னால் ஊர் ஆட்கள் வராந்தா நிறைய நின்றார்கள். அவர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்து வந்திருந்தார்கள். பாவாயி வலியோடு இருக்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசையா, மணிகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உறையை விட்டுவிடுங்கள், அது தன்பாட்டுக்கு மறுபடி முளைக்கட்டும், முற்றினதும் கூட்டிவருகிறோம், மறுபடி எடுங்கள் என்றார்கள். கிழங்கைப் பிடுங்கிவிட்டுக் குச்சியை மறுபடி நடுகிற ஊர்க்காரர்கள் வேறு எப்படி யோசிப்பார்கள்.

அப்படியும் செய்ய முடியும், முளைக்கத்தான் முளைக்கும், ஆனால் ஒவ்வொரு தடவையும் மூட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், கடைசியில் நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னாள். போனால் இப்போதுதான் புது மூட்டே வைக்கிறார்களே என்றார் நடேசன் அண்ணன். டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றாள்.

வராந்தாவில் நின்றவர்களும் என் பக்கம் திரும்பினார்கள். கருக்கன்பட்டியில்தான் நான் சாகிறவரை இருக்க வேண்டும், இவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும், மழை நின்றுபோனால் இவர்கள் அத்தனை பேர் கண்ணும் என்மேல்தான் இருக்கும். எல்லாம் மனசில் ஓடியது. ஓடி முடியட்டும் என்று காத்திருந்தேன்.

"நடேசண்ணா, ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட நான் உங்க துணி இறங்குதான்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என் காலை மடக்க நான் ஊரைக் கேக்கணுமா?" என்றேன்.

"மழை நின்னுபோச்சுன்னா என்னம்மா பண்றது?" என்றார் அவர். கோபமாகக் கேட்கவில்லை, பயந்துதான் கேட்டார். அவர் காட்டில் அப்போதுதான் குச்சி நட்டிருந்தது.

"நின்னா எல்லாரோடயும் சேர்ந்து நானும் காயுறேன். டாக்டரம்மா, உறையோட எடுத்துடுங்க."

அவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள், நீயாவது சொல்லு சென்றாயா என்பதுபோல. அவர் கையில் ஹார்லிக்ஸ் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேய்த்த சட்டை கசங்கியிருந்தது. பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே, "முட்டி அவளுது" என்று மட்டும் சொன்னார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் ஒரு டிவி பெட்டியில் என் முட்டியின் உள்பக்கம் தெரிந்தது. தண்ணீரை உள்ளே விட்டு அலசிக்கொண்டே எடுத்தார்கள். வெள்ளை வெளேரென்று மணிகள் உருண்டு உருண்டு குழாயை நோக்கி வந்தன, சில கடுகுபோல, சில பட்டாணிபோல, சில இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு, குலுக்கலில் குருணை வருகிற அதே வரத்து. என்னால் சும்மா இருக்க முடியவில்லை, நல்ல பதம் டாக்டரம்மா என்றேன். முகமூடிக்குள் அவள் சிரித்தது தோளில் தெரிந்தது. முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் போனார்கள், அங்கேயும் முடித்து உறையைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். சிவப்புப் பாசிபோல இருந்தது அது, அதில் இன்னும் விழாத மொட்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே அந்த நேரம் முழுக்க விடாமல் மழை பெய்ததாம். ஊர்க்காரர்கள் யாரும் உள்ளே ஒதுங்கவில்லையாம், முற்றத்தில் நின்று நனைந்தார்களாம், நடேசன் அண்ணன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார் என்று குப்பாயி அக்கா சொன்னாள். உறையின் கடைசித் துணுக்கு வெளியே வந்ததும் குழாயைத் திருகி மூடினதுபோல மழை நின்றது.

உறையையும் கொஞ்சம் மணிகளையும் சோதனைக்கு அனுப்பிவிட்டு, ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டதால் மீதியை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அதை எடைமேடை ஆபீசில் எக்ஸ்ரே படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். களத்தில் மாற்றி வைத்துவிட்டால் ஜவ்வரிசியோடு ஜவ்வரிசியாகப் போய்விடும், யாரும் பாயசம் வைத்துவிடாதீர்கள் என்று குப்பாயி அக்கா ஆபீஸ் வாசலில் நின்று எச்சரித்தாள். காட்டுக்காரர்கள் பாட்டிலை முறைவைத்து வாங்கிப்போய்க் காட்டுக்கு நடுவில் நின்று குலுக்கினார்கள், கலகலத்தது. காக்கைகள் பறந்தன. வேறொன்றும் நடக்கவில்லை.

சோதனையின் முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னாள். மறுபடி முளைக்கிறதா என்று பார்க்க அப்பப்போ வந்து காட்டிக்கொள்ள வேண்டும், முட்டியை மடக்கி நீட்டுகிற பயிற்சியை ஒரு நாளும் விடக் கூடாது என்றாள். அதனால் நான் கட்டிலில் படுத்து, குதிகாலை மெத்தைமேல் உரசி உரசி இழுத்து, முட்டியை மடக்கினேன். முதலில் அது கைப்பிடி அளவுகூட மடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக என் முட்டியைப் பார்த்துவிட்டு, அப்படியே அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மேலேயும் இல்லை.

சித்திரையில் வர வேண்டிய மழை வரவில்லை. வைகாசியில் காற்று மட்டும் வந்தது. காட்டில் நட்ட குச்சிகள் முளைத்த இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாகவே நின்றன. ஆரம்பத்தில் முதலாளிக்குச் சந்தோஷம்தான், களம் அப்பளமாகக் காய்ந்தது, துணியைப் புகைபோக்கியிலிருந்து இறக்கவே இல்லை. பிறகு ஆலைக் கிணறு வற்றியது. கிழங்கு கழுவத் தண்ணீர் இல்லாமல் ஆலை நின்றது, துணி வெயிலில் நைந்து கிழிந்து அங்கேயே தொங்கியது. நடேசன் அண்ணன் என்னைக் கண்டால் துண்டை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். என் வீட்டுக்காரர் மறுபடி வரிசையில் கடைசிக்குப் போனார், டீக்கடையில் நின்றுகொண்டே குடித்தார். ஒருநாள் பெண்கள் நாலைந்து பேர் வந்து, காய்ந்த மாவுத் தொட்டியில் எங்கிருந்தாவது தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறோம், நீ காலை ஊறவைத்துக்கொண்டு கொஞ்ச நாள் உட்கார், தானாக முளைத்துவிடும் என்று நயமாகச் சொன்னார்கள். மாவுத் தண்ணீரால் வந்தது இல்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். டாக்டருக்கு என்ன தெரியும் நம்ம ஊர் மாவைப் பற்றி என்றார்கள்.

எனக்குக் கவலை இல்லாமல் இல்லை. சோறு வேகும்போது கவலை, குடத்தின் அடியில் தண்ணீர் தெரியும்போது கவலை, இலை உதிர்ந்த காட்டைத் தாண்டிப் போகும்போது கவலை. நிஜமாகவே நான்தான் நிறுத்திவிட்டேனா என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே குதிகாலை இழுப்பேன். வலித்தாலும் இழுப்பேன், கவலை வந்தாலும் இழுப்பேன், ஜன்னலில் யாராவது நின்றாலும் இழுப்பேன். முட்டி கைப்பிடி அளவிலிருந்து சாண் அளவுக்கு மடங்கியது, பிறகு தலையணை வைத்துச் சுவரோரம் குந்த முடிந்தது, பிறகு தலையணை இல்லாமல். ஆடியில் மறுபடி சேலம் போனபோது டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றாள். ஜன்னலுக்கு வெளியே வண்டிகள்மேல் வெயில் அடித்தது. நர்ஸ் ஜன்னலைச் சாத்தவில்லை.

ஆவணியில் முதலாளி லாரியில் தண்ணீர் வாங்கி ஆலையை ஓட்டினார், வெளியூர்க் கிழங்கு கொஞ்சம் வந்தது. உரிக்க ஆள் வேண்டும் என்றதும் நானும் கத்தியை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை வாசலில் பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஆசாரி செய்த நாற்காலி மூலையில் பலகை நீட்டிக்கொண்டு கிடந்தது, அதன்மேல் காலிச் சாக்குகள் போட்டிருந்தார்கள். நான் வரிசையில் பழைய இடத்துக்குப் போய், இடது காலை மடித்துப் போட்டு, வலது முட்டியை மடக்கி நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தேன். சுருக்கென்று ஒரு வலி வந்து போனது, அவ்வளவுதான். எல்லாரும் கூரைக்கு வெளியே எட்டிப் பார்த்தார்கள். மொட்டை வெயில். ஒருத்தி பெருமூச்சு விட்டாள். கத்திகள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

அன்று மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் மடக்கி உட்கார்ந்து உரித்தேன், எழுந்து கூடையைக் கொட்டினேன், திரும்ப வந்து மடக்கி உட்கார்ந்தேன், ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை, மழையும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நான் கொட்டகைத் தூணில் சாய்ந்து இரண்டு காலையும் நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, மலைப்பக்கமிருந்து மண்வாசனை வந்தது. பிறகு காற்று வந்தது. பிறகு, அந்தக் காலத்தில் வந்ததுபோல, தூரத்தில் வெள்ளைத் திரை தொங்குவது தெரிந்து, காட்டைத் தாண்டி, கிழிந்த துணியை நனைத்துக்கொண்டு, களத்தின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு நடந்து வந்தது.

களத்தில் மறுபடி ஓடத் தொடங்கிய ஆலையின் முதல் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஓடினோம். தார்ப்பாயை இழுக்கிறவர்கள் இழுக்க, பலகையால் தள்ளுகிறவர்கள் தள்ள, நான் முட்டியை மடக்கிக் குந்தி இரண்டு கையாலும் வாரி முறத்தில் போட்டேன், எழுந்து ஓடினேன், திரும்பி வந்து குந்தினேன். நடேசன் அண்ணன் ரோட்டில் நனைந்துகொண்டே, துண்டைத் தலையில்கூடப் போடாமல், தன் காட்டைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனார். என் வீட்டுக்காரர் டிராக்டரை அப்படியே விட்டுவிட்டு வந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். மழையைப் பார்க்கவும் ஜவ்வரிசியைப் பார்க்கவும் எல்லாருக்கும் சரியாக இருந்தது, என் முட்டியைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

பாதியைக் காப்பாற்றினோம். மீதி கூழாகி வாய்க்காலில் போனது. முதலாளி வானத்தைப் பார்த்துத் திட்டினார். நாங்கள் சீலையைப் பிழிந்துகொண்டு கொட்டகைக்குத் திரும்பினோம், கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. நான் கத்தியைத் தேடி எடுத்து, காலை மடக்கி என் இடத்தில் உட்கார்ந்தேன்.

குப்பாயி அக்கா தன் இடுப்பால் என்னை ஒரு இடி இடித்தாள்.

"தள்ளி உக்காருடி பாவாயி, முட்டியை எம்மேல வைக்காதே. பாதி வரிசையை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கே."

நான் தள்ளி உட்கார்ந்தேன்.